முதலில் திரும்பி வருவது தூக்கம்

வீட்டில் ஒருவருக்கு உடல் பருமன் மிக அதிகமாக இருந்தால், நள்ளிரவில் விழித்துக் கிடப்பவர் பெரும்பாலும் பக்கத்தில் படுத்திருப்பவர்தான். இடி மாதிரிக் குறட்டை கேட்டுக்கொண்டே இருக்கும். திடீரென்று அது நின்றுபோகும். பத்து விநாடி, இருபது விநாடி, சில நேரம் அரை நிமிடத்துக்கும் மேல் சத்தமே இருக்காது. நெஞ்சு ஏறி இறங்கும். காற்று மட்டும் உள்ளே போகாது. பிறகு திணறிக்கொண்டு ஒரு பெருமூச்சு, மறுபடி குறட்டை. காலையில் எழும்போது அவருக்கு இது எதுவும் நினைவிருக்காது. எட்டு மணி நேரம் படுத்தும் ஏன் தலை கனக்கிறது, மதியம் வண்டி ஓட்டும்போது ஏன் கண் சொருகுகிறது என்றுதான் யோசிப்பார்.

இதற்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். கழுத்திலும் நாக்கின் அடியிலும் சேர்ந்த கொழுப்பு, தூக்கத்தில் தசைகள் தளர்ந்ததும் தொண்டையில் மூச்சுப்பாதையை அடைத்துவிடுகிறது. வயிற்றுக் கொழுப்பு கீழிருந்து நுரையீரலை நெருக்குகிறது. கடுமையாக இருப்பவர்களுக்கு ஒரே இரவில் சில நூறு முறை இப்படி மூச்சு நிற்கும். ஒவ்வொரு முறையும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், ரத்த அழுத்தம் ஏறும், இதயம் பதறி அடித்துக்கொள்ளும். உறங்குகிறோம் என்று அவர் நம்பும் நேரத்தில் உடல் போராடிக்கொண்டிருக்கிறது.

எடை குறையத் தொடங்கியதும் பலருக்கு முதலில் திரும்பி வருவது இந்தத் தூக்கம்தான். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நெடுங்காலம் நடந்த ஆய்வொன்றின் முடிவு 2000ஆம் ஆண்டில் வெளியானது. எடையில் 10 சதவீதம் குறைந்தால் மூச்சுத் தடைகள் சுமார் 26 சதவீதம் குறையும் என்று அது கணக்கிட்டது. 120 கிலோ உள்ளவருக்கு அது 12 கிலோ. கண்ணாடியில் பார்த்தால் பெரிய மாற்றம் தெரியாது. ஆனால் காலையில் எழும்போது தலை லேசாக இருக்கும். பகலில் நாற்காலியிலேயே தூங்கிவிழுவது குறையும்.

பாடகர் அத்னான் சாமியின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். ‘பாய்ஸ்’ படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் ‘பூம் பூம்’ பாடலைப் பாடியவர். ஒரு காலத்தில் அவருடைய எடை சுமார் 230 கிலோ. இப்படியே போனால் இன்னும் ஆறு மாதம்தான் என்று 2006இல் மருத்துவர் சொன்னதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மல்லாந்து படுத்துத் தூங்க முடியாத நிலையில் இருந்ததையும் பகிர்ந்திருக்கிறார். உணவுக் கட்டுப்பாட்டிலும் பயிற்சியிலுமாக ஏறக்குறைய 16 மாதங்களில் 120 கிலோவுக்கு மேல் குறைத்தார். ஊர் பேசியதெல்லாம் அவருடைய புதுத் தோற்றத்தைப் பற்றித்தான். படுத்துத் தூங்க முடிந்ததே அதைவிடப் பெரிய செய்தி.

எந்த எடையைக் கடுமையான பருமன் என்கிறார்கள்? கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. பெல்ஜியத்தின் கணித அறிஞர் கெட்லே 19ஆம் நூற்றாண்டில் வகுத்த கணக்கு இது. உலக அளவில் 40ஐத் தாண்டினால் கடுமையான பருமன். இந்தியர்களுக்குக் குறைந்த எடையிலேயே உடலில் கொழுப்பும் சர்க்கரை நோயும் சேர்ந்துவிடுகின்றன என்பதால் நம் மருத்துவர்கள் 37.5ஐயே அபாய எல்லையாகப் பார்க்கிறார்கள்; சர்க்கரையோ ரத்த அழுத்தமோ கூட இருந்தால் 32.5. ஐந்தடி ஐந்து அங்குல உயரமுள்ள ஒருவருக்கு இது முறையே 102 கிலோ, 89 கிலோ என்ற அளவில் வரும்.

2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் பெண்களில் 40 சதவீதத்தினரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் பி.எம்.ஐ. 25 அல்லது அதற்கு மேல் இருந்தார்கள். நாட்டின் சராசரி 24, 23 சதவீதம்தான். இதில் கடுமையான பருமன் உள்ளவர்கள் சிறு பகுதியினரே. ஆனாலும் நம் ஒவ்வொருவரின் உறவு வட்டத்திலும் அப்படி ஒருவர் இருக்கிறார். கல்யாண வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியைத் தயங்கித் தயங்கிப் பார்ப்பவர். பஸ்ஸில் இருவர் சீட்டில் உட்காராமல் நின்றுகொண்டே வருபவர். கோயிலுக்கு வந்தும் படியேறாமல் கீழேயே கும்பிட்டுவிட்டுப் போகிறவர். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இருவர் கை கொடுக்க வேண்டுமே என்று, துக்க வீட்டில்கூட வாசலில் நின்றுவிட்டுத் திரும்புகிறவர்.

கடுமையான பருமன் ஒருவரிடமிருந்து எடுத்துக்கொள்வது இவற்றையெல்லாம்தான். கால் நகம் வெட்டிக்கொள்ளக் குனிய முடியாது. இந்தியக் கழிப்பறையில் உட்கார முடியாது. அதனால் வெளியூர்ப் பயணமே நின்றுபோகும். சுத்தம் செய்துகொள்வதில் உள்ள சிரமத்தை யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. மருத்துவ அறிக்கையில் இவை எதுவும் வராது.

முழங்காலைப் பாருங்கள். நடக்கும்போது முழங்கால் மூட்டு தாங்கும் சுமை உடல் எடையைவிடப் பல மடங்கு. வட கரோலினாவில் ஸ்டீபன் மெஸ்ஸியர் குழுவினர் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களை நடக்கவிட்டு அளந்து, 2005இல் ஓர் எளிய கணக்கைச் சொன்னார்கள்: ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் மூட்டின் மேல் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது. பத்து கிலோ குறைந்தவருக்கு அடிக்கு நாற்பது கிலோ மிச்சம். ஒரு நாளில் சில ஆயிரம் அடிகள் வைக்கும் மூட்டுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை! வலி குறைந்தால் நடை கூடும். நடை கூடினால் தசை வலுக்கும். படி ஏறுவதும் கடைக்குப் போவதும் மறுபடி தன்னாலேயே நடக்கும்.

பெண்கள் வெளியே சொல்லாத இன்னொரு துன்பம் உண்டு. தும்மினால், சிரித்தால், குடத்தைத் தூக்கினால் சிறுநீர் கசிவது. பிரசவத்துக்குப் பிறகு எல்லாருக்கும் இருப்பதுதானே என்று வருடக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் 338 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. ஆறு மாதத்தில் எடையில் 8 சதவீதம் குறைத்த குழுவினருக்கு வாராந்தரக் கசிவு ஏறக்குறையப் பாதியானது. மருந்து எதுவும் தரப்படவில்லை. வயிற்றின் பாரம் மூத்திரப்பையை அழுத்துவது குறைந்தது, அவ்வளவுதான். மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போகும் பி.சி.ஓ.எஸ். பெண்களிலும், 5 முதல் 10 சதவீத எடை குறைந்ததுமே சுழற்சி சீராகிவிடுவது பலரிடம் காணப்படுகிறது.

இந்த 5, 10 என்ற எண்களை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 130 கிலோ உள்ளவரிடம் “நீங்கள் 65க்கு வர வேண்டும்” என்றால் அன்றைக்கே மனம் விட்டுப்போகும். உடலுக்கு 65 தேவையில்லை. முதல் பத்துப் பதிமூன்று கிலோவிலேயே அது நன்றி சொல்லத் தொடங்கிவிடுகிறது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 3,234 பேரைக் கொண்டு அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. 7 சதவீத எடைக் குறைப்பையும் வாரம் 150 நிமிட நடையையும் இலக்காகக் கொண்ட குழுவினருக்கு சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்ததாக 2002இல் அறிவித்தார்கள். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் 531 பேரிடம் நடந்த இந்திய ஆய்வில், உணவையும் உடலுழைப்பையும் மாற்றியதாலேயே 28.5 சதவீதம் குறைந்தது. அங்கே சராசரி எடையில் பெரிய மாற்றமே இல்லை என்பதுதான் வியப்பு. தராசு முள் அசையாத மாதத்திலும் நடந்த நடை வீண் போவதில்லை.

ஏற்கெனவே சர்க்கரை நோய் வந்தவர்களுக்கு? ‘வந்தது வந்ததுதான், இனிமேல் ஆயுளுக்கும் மாத்திரை’ என்றுதான் நீண்ட காலம் நினைத்திருந்தோம். அந்த எண்ணத்தை அசைத்தது ஸ்காட்லாந்திலும் வடகிழக்கு இங்கிலாந்திலும் நடந்த டைரக்ட் என்ற ஆய்வு. நோய் கண்டுபிடிக்கப்பட்டு ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்களுக்கு, மருத்துவக் கண்காணிப்பில், மூன்று முதல் ஐந்து மாதம்வரை நாளுக்குச் சுமார் 850 கலோரி உள்ள திரவ உணவு தரப்பட்டது. பிறகு மெல்ல வழக்கமான சாப்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஓராண்டு முடிவில் 46 சதவீதத்தினர் மருந்தே இல்லாமல் சர்க்கரை நோயின் எல்லைக்குக் கீழே இருந்தார்கள். 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் அது 86 சதவீதம். ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான ராய் டெய்லரின் விளக்கம் இது: கல்லீரலிலும் கணையத்திலும் புகுந்த கொழுப்பு வெளியேறியதும், மயங்கிக் கிடந்த இன்சுலின் செல்கள் விழித்துக்கொள்கின்றன. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் தானாகப் பட்டினி கிடக்க வேண்டாம். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் திடீரெனச் சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும்.

நோய் முற்றியவர்களுக்கும் மிக அதிகப் பருமன் உள்ளவர்களுக்கும் அறுவை சிகிச்சை ஒரு வழி. 1966இல் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் தொடங்கிவைத்த இரைப்பை மாற்றுவழி இன்று சிறு துளைகள் வழியே செய்யப்படுகிறது. இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கிக் குழாய் போலாக்கும் ஸ்லீவ் முறைதான் இப்போது அதிகம். வயிறு சின்னதாவதால் மட்டும் எடை குறைவதில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் குறைகிறது. போதும் என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன்கள் கூடுகின்றன. பசியே வேறு மாதிரி ஆகிவிட்டது என்று நோயாளிகள் சொல்வது இதைத்தான்.

இதன் நெடுங்காலப் பலனை ஸ்வீடன் நாட்டு ஆய்வு ஒன்று துல்லியமாகக் காட்டியது. 1987இல் தொடங்கி, அறுவை செய்துகொண்ட சுமார் 2,000 பேரையும், செய்துகொள்ளாத அதேபோன்ற 2,000 பேரையும் பல ஆண்டுகள் தொடர்ந்தார்கள். அறுவைக் குழுவில் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்தது. 2020இல் வெளியான கணக்கின்படி அவர்கள் மற்றக் குழுவைவிடச் சராசரியாக மூன்று ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்கள். பெண்களில் புற்றுநோயும் குறைந்தது. அதே ஆய்வு மறைக்காமல் சொன்ன மறுபக்கமும் உண்டு. சர்க்கரை நோய் இருந்தவர்களில் 72 சதவீதத்தினருக்கு அறுவை முடிந்த இரண்டாம் ஆண்டில் அது விலகியிருந்தது; பதினைந்தாம் ஆண்டில் அந்த அளவு 30 சதவீதமாகக் குறைந்தது. நோய் வந்து அதிக காலம் ஆகாதவர்களுக்கே பலன் நின்றது. ஆக, ‘கடைசி வழி’ என்று தள்ளிப்போட்டுக்கொண்டே போவதில் நஷ்டம் இருக்கிறது.

அறுவை என்பது ஒரு நாள் வேலையும் அன்று. வைட்டமின் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை ஆயுள் முழுவதும் எடுத்துக்கொள்ள வேண்டும். விட்டுவிட்டால் ரத்தசோகையும் எலும்புத் தேய்வும் வரும். மது முன்பைவிட வேகமாகத் தலைக்கு ஏறும். வேகமாக எடை இறங்கும்போது பித்தப்பையில் கல் சேரலாம். கையிலும் வயிற்றிலும் தொங்கும் தோல் பலரை வருத்துகிறது. கர்ப்பம் தரிக்க ஓராண்டுக்கு மேல் காத்திருக்கச் சொல்கிறார்கள். இதையெல்லாம் முன்கூட்டியே உட்கார்ந்து விளக்கும் மருத்துவரைத்தான் நம்ப வேண்டும். ‘மூன்றே மாதத்தில் முப்பது கிலோ’ என்று விளம்பரம் செய்பவரை அல்ல.

இப்போது ஊசி மருந்துகளும் வந்துவிட்டன. செமாகுளூட்டைட் எடுத்தவர்கள் 68 வாரத்தில் சராசரியாக எடையில் 15 சதவீதம் குறைந்தார்கள். டிர்செபடைட் அதிக அளவில் எடுத்தவர்களுக்கு 72 வாரத்தில் அது ஏறக்குறைய 21 சதவீதம். இந்தியாவில் 2025 மார்ச்சில் டிர்செபடைட் மவுன்ஜாரோ என்ற பெயரிலும், ஜூனில் செமாகுளூட்டைட் வெகோவி என்ற பெயரிலும் விற்பனைக்கு வந்தன. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் பலருக்கும் இருக்கும். செமாகுளூட்டைட்டை நிறுத்தியவர்களைக் கவனித்தபோது, இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் திரும்பிவிட்டது. தோழியின் சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் சமாச்சாரம் இல்லை இது.

குறைத்த எடை ஏன் திரும்புகிறது? இங்கேதான் ஊரின் தீர்ப்பு மிகக் கொடூரமாக இருக்கிறது. ‘வாயைக் கட்ட முடியவில்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடைக் குறைப்புப் போட்டி நிகழ்ச்சி ஒன்று பிரபலமாக இருந்தது. பெயர் ‘தி பிக்கஸ்ட் லூசர்’. அதில் பங்கேற்ற 14 பேரை, ஆறு ஆண்டு கழித்துத் தேடிப்பிடித்து ஆராய்ந்தார் ஆய்வாளர் கெவின் ஹால். போட்டியின்போது சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள் அதில் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். எடை திரும்பியும் உடலின் எரிப்பு வேகம் திரும்பவில்லை. சும்மா படுத்திருக்கும்போது அவர்கள் உடல் எரிக்க வேண்டிய அளவைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே எரித்தது. ஏறக்குறைய ஒருவேளைச் சாப்பாடு! ஆறு ஆண்டுக்குப் பிறகும் உடல் பஞ்சம் வந்துவிட்டதாகவே எண்ணிச் சிக்கனம் பிடித்துக்கொண்டிருந்தது. கொழுப்புச் செல்கள் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் 1994இல் கண்டுபிடிக்கப்பட்டது. கொழுப்பு கரையும்போது அது சரிகிறது. மூளை பசியைக் கூட்டுகிறது. இது ஒழுக்கக் குறைவு என்று சொல்பவர்களுக்கு மனித உடல் தெரியவில்லை.

எடையைக் குறைத்து நிலைநிறுத்தியவர்களும் இருக்கிறார்கள். 1994இல் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் இருவரும் அமெரிக்காவில் அவர்களுக்கென ஒரு பதிவேடு தொடங்கினார்கள். குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஓராண்டாவது காத்தவர்கள்தான் அதில் சேர முடிந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். குறைத்த வழி ஆளுக்கு ஆள் வேறு. காத்த வழியில் ஒற்றுமை உண்டு: பெரும்பாலோர் தினமும் சுமார் ஒரு மணி நேரம் நடை போன்ற உழைப்பை விடவில்லை, காலைச் சாப்பாட்டைத் தவிர்க்கவில்லை, வாரம் ஒருமுறையாவது தராசில் ஏறினார்கள். இதில் எதுவும் காசு கேட்கும் காரியமில்லை.

இத்தனை பாடுபட்டுக் குறைத்தவர்களுக்கு அந்த மாற்றம் எவ்வளவு மதிப்புள்ளது? புளோரிடாவில் நடந்து 1991இல் வெளியான ஆய்வு ஒன்று படிப்பவரை உலுக்கும். அறுவையால் 45 கிலோவுக்கு மேல் குறைத்து மூன்று ஆண்டு காத்த 47 பேரிடம், பழைய பருமனுக்குத் திரும்புவதா, வேறொரு குறையோடு வாழ்வதா என்று கேட்டார்கள். காது கேட்காமல் போனாலும் சரி என்றார்கள் 47 பேரும். கண் பார்வை போனாலும் சரி, ஒரு காலை எடுத்தாலும் சரி என்றவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர். பெரும் பணக்காரராக, ஆனால் பழைய பருமனோடு இருக்க ஒருவர்கூடச் சம்மதிக்கவில்லை.

கண் தெரியாதவரை நாம் தெருவில் கேலி செய்வதில்லை. கை பிடித்துச் சாலையைக் கடக்க உதவுகிறோம். பருமனானவரைப் பார்த்துச் சிரிக்கிறோம். நம் திரைப்பட நகைச்சுவையில் இன்றும் அது கைதட்டல் வாங்குகிறது. அந்த 47 பேர் பயந்தது கிலோவுக்கு மட்டுமாக இருக்க முடியாது. மற்றவர்கள் பார்த்த பார்வைக்கும்தான். கேலிக்கு அஞ்சி நடைப்பயிற்சிக்கே வெளியே வராதவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். மருத்துவமனைக்குப் போகவே கூசுகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கேயும் தராசு போதாமல் போகலாம், பி.பி. பார்க்கும் பட்டை கையைச் சுற்றாமல் போகலாம். சிறிய பட்டையில் அளந்தால் அழுத்தம் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். பெரிய பட்டையில் அளக்கச் சொல்லிக் கேட்பது நோயாளியின் உரிமை.

வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் தட்டில் எத்தனை தோசை இருக்கிறது என்று எண்ணாதீர்கள். எண்ணி எண்ணித்தான் அவர் தனியாகச் சாப்பிடப் பழகினார். சாயங்காலம் அவரோடு சேர்ந்து பத்து நிமிடம் நடந்து வாருங்கள். எல்லாருக்கும் ஒரே சமையல் செய்யுங்கள். டாக்டரிடம் போகும்போது கூடப் போங்கள். சர்க்கரை, பி.பி., கல்லீரல் கொழுப்பு, தைராய்டு நான்கையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இரவில் குறட்டை நின்று நின்று வருகிறது என்பதை அவரால் சொல்ல முடியாது; விழித்திருந்து கேட்டது நீங்கள்தான். அதை மறக்காமல் சொல்லுங்கள்.